டிராக்டர் டீசல் இன்ஜின்: இன்ஜெக்டர் கோளாறைப் படிப்படியாகக் கண்டறியும் முறை

டிராக்டர் புகை தள்ளினாலும், கலப்பையை இறக்கியதும் இழுவை குறைந்தாலும், காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தாலும் முதல் பழி விழுவது, டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் மீதும் அதன் நுனியில் உள்ள நாசில் மீதும்தான். "நாசில் போயிருக்கும், கழற்றிப் பார்த்துவிடலாம்" என்று சொல்வது எளிது. ஆனால் அடைபட்ட ஃபில்டரும், விரிசல் விட்ட ரப்பர் குழாயும், தளர்ந்த வால்வும் ஏறத்தாழ இதே அறிகுறிகளைக் காட்டக்கூடியவை. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் புது நாசில் மாட்டிய பிறகும் அதே புகை, அதே தடுமாற்றம் என்று திரும்பி வரும் டிராக்டர்கள் குறைவில்லை. ஆகவே, இன்ஜெக்டரைக் கழற்றுவதற்கு முன்பே அதன் மேல் குற்றம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளும் வரிசையில் இந்த வழிகாட்டி அமைந்துள்ளது. டிராக்டர்களில் பரவலாக உள்ள இயந்திர வகை இன்ஜெக்டர்களே இங்கு முதன்மை. எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும், மின்னணுக் கட்டுப்பாடு கொண்ட காமன் ரெயில் வகைக்குத் தனிப் பகுதி உண்டு.

உள்ளே நடப்பது என்ன?

பம்ப் தள்ளும் டீசல் உயர் அழுத்தக் குழாய் வழியாக இன்ஜெக்டருக்குள் வருகிறது. நாசிலின் ஊசியை ஒரு ஸ்பிரிங் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்திருக்கும். டீசலின் அழுத்தம் அந்த ஸ்பிரிங்கின் விசையை மீறியவுடன் ஊசி மேலெழும்பி, நுனியில் உள்ள நுண்துளைகள் வழியாக டீசல் பனிப்புகை போலச் சிதறுகிறது. இந்தத் திறப்பு அழுத்தம் பல டிராக்டர் இன்ஜின்களில் 175 முதல் 250 பார் வரை இருக்கும். டிராக்டரின் பின் டயரில் இருக்கும் காற்றழுத்தம் சுமார் 1 பார் அளவுதான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் வேகம் புரியும். ஊசிக்கும் அது ஓடும் உடலுக்கும் இடையே உள்ள இடைவெளி 2 முதல் 4 மைக்ரான் மட்டுமே. தலைமுடி அதைப்போலப் பல மடங்கு தடிமன்.

ஒரு கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். மூன்று சிலிண்டர் இன்ஜின் நிமிடத்திற்கு 2000 சுற்று வேகத்தில் ஓடி, ஒரு மணி நேரத்தில் 10 லிட்டர் டீசல் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்பதால் ஒவ்வொரு இன்ஜெக்டரும் நிமிடத்திற்கு 1000 முறை, மணிக்கு 60,000 முறை திறந்து மூடுகிறது. அப்படியென்றால் ஒரு தடவைக்குப் பாய்வது சுமார் 55 கன மில்லிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரே ஒரு சொட்டு. அந்த ஒரு சொட்டு சரியாகச் சிதறாமல் ஒழுகினாலோ, சற்றுப் பிந்தி விழுந்தாலோ, கால் பங்கு கூடிக் குறைந்தாலோ ஓட்டுநருக்கு இன்ஜின் சத்தத்திலேயே அது தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத தூசியும் ஒரு துளித் தண்ணீரும் இந்தப் பாகத்தைக் கெடுத்துவிடுவதற்குக் காரணமும் இதுவே.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை

நாசிலில் இருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியது போலச் சிறிதாக இருக்கும். முதலில் வலிகூடத் தெரியாமல் போகலாம். ஆனால் உள்ளே போன டீசல் சில மணி நேரத்திலேயே தசையை அழுகச் செய்யும். இது அறுவை சிகிச்சை தேவைப்படும் அவசர நிலை. அப்படி நேர்ந்தால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சென்று, உயர் அழுத்த டீசல் தோலுக்குள் பாய்ந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும். குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலை வைத்துத் தடவிப் பார்க்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டினால் போதும். கண்ணாடியும் கையுறையும் அணிந்துகொள்வது நல்லது. ஆனால் கையுறை இந்தப் பாய்ச்சலைத் தடுத்துவிடும் என்று நம்பிவிடக் கூடாது.

முதல் படி: அறிகுறிகளைப் படித்தல்

புகையின் நிறத்தைப் பார்ப்பதற்கு முன், அது எப்போது வருகிறது என்று கவனிக்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் ஸ்டார்ட் செய்தவுடன் சிறிது நேரம் வெண்புகை வருவதும், பாரத்தோடு ஆக்சிலரேட்டரைத் திடீரென்று கூட்டும்போது ஒரு கணம் கரும்புகை வருவதும் பழைய இன்ஜின்களில் இயல்புதான். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் புகை நிற்காமல் இருந்தால்தான் அது நோய்.

கரும்புகை என்றால், டீசல் முழுதாக எரியவில்லை என்று பொருள். நாசில் சரியாகச் சிதறவில்லை என்பது ஒரு காரணம். ஏர் கிளீனர் அடைபட்டுப் போதுமான காற்று கிடைக்கவில்லை என்பது மற்றொன்று, அதுவே அதிகம் காணப்படுவதும்கூட. வெண்புகை என்றால் டீசல் எரியாமலே வெளியேறுகிறது. கண்ணைக் கரிக்கும் டீசல் வாடை இருந்தால் ஒழுகும் நாசில், பிந்திய டைமிங் (டீசல் பாயும் நேரம்), குறைந்த கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் அளவு) ஆகியவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். வாடையே இல்லாமல் நீராவி போல இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது ஹெட் கேஸ்கெட் பக்கத்துச் சமாசாரம். நீலப்புகை வந்தால் எரிவது இன்ஜின் ஆயில். அதற்கு இன்ஜெக்டரைக் குறை சொல்லிப் பயனில்லை.

புகைக்கு அடுத்தது சத்தம். ஐடிலிங்கில் இன்ஜின் சீராக ஓடாமல் ஒரே தாளக்கட்டில் நொண்டினால், ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. தாளமில்லாமல் கூடிக் குறைந்து ஏறி இறங்கினால், டீசலில் காற்று கலந்திருப்பதையோ, இன்ஜின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையோ முதலில் பார்க்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் காது பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. சுத்தியலால் தட்டுவது போன்ற கூர்மையான 'டக் டக்' சத்தம், முன்கூட்டியே ஒழுகிய டீசல் ஒரேயடியாகப் பற்றிக்கொள்வதால் எழலாம்.

டிப் ஸ்டிக்கையும் மறக்காமல் உருவிப் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம் குறைவதற்குப் பதிலாகக் கூடியிருந்தால், ஆயிலில் டீசல் கலந்திருக்கிறது. ஒழுகும் நாசில் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, டீசலைக் கீழே இறக்கிவிடும். ஆனால் இதற்கும் வேறு வழி உண்டு: டேங்க்கிலிருந்து டீசலை இழுத்துத் தரும் ஃபீட் பம்ப் டயாஃப்ரம் (சவ்வு) வகையாக இருந்து, அந்த டயாஃப்ரம் கிழிந்தாலும், ரோட்டரி பம்பின் முன்பக்க சீல் தேய்ந்தாலும் டீசல் நேராக ஆயிலுக்குள் இறங்கும். காரணம் எதுவானாலும், நீர்த்துப்போன ஆயிலோடு இன்ஜினை ஓட்டுவது பேரிங்குகளைக் காவு கொடுப்பதற்குச் சமம். அன்றைக்கே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாம் படி: மற்றவற்றை விலக்குதல்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஸ்பேனரைக் கையில் எடுக்காமலே இதில் பெரும்பகுதியை முடித்துவிடலாம்.

ஏர் கிளீனரைத் திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய்த் தொட்டி வகையானால் எண்ணெயின் அளவும், அடியில் படிந்த சேறும். காகித வகையானால் அடைப்பு. கரும்புகை பற்றிய புகார்களில் கணிசமானவை இங்கேயே தீர்ந்துவிடும்.

அடுத்தது டீசல். ஃபில்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடிகால் திருகைத் தளர்த்தி, வருவதை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வண்டல் இருந்தாலும் தெரியும். பிறகு ஃபில்டர். இதற்கு ஓர் அடையாளம் உண்டு: டிராக்டர் முதலில் நன்றாக இழுத்து, சற்று நேரத்தில் சோர்ந்து, நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தால் மறுபடி தேறிக்கொண்டால், டீசல் போதிய அளவு வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். ஃபில்டர் அடைப்போ, டேங்க் மூடியின் காற்றுத்துளை மூடிக்கொண்டிருப்பதோ, டேங்க்கின் வாயில் உள்ள வலையோ காரணமாக இருக்கும். கெட்டுப்போன இன்ஜெக்டர் இப்படி நேரம் பார்த்துச் சோர்ந்து தேறுவதில்லை. அது எப்போதும் ஒரே மாதிரிதான் தொல்லை கொடுக்கும்.

காற்று கலப்பைக் கண்டுபிடிக்க, பம்பிற்குள் நுழையும் குழாயின் இடத்தில் தற்காலிகமாக ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழாயை மாட்டி ஓட்டிப் பார்ப்பதே சிறந்த வழி. குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். டேங்க்கிற்கும் ஃபீட் பம்பிற்கும் இடைப்பட்ட பகுதி உறிஞ்சும் பக்கம் என்பதால், அங்கு விரிசல் இருந்தால் டீசல் வெளியே கசியாது. காற்றுதான் உள்ளே போகும். அதனால் வெளியில் ஈரமே இல்லாத குழாய்தான் பல நேரங்களில் திருடன்.

கடைசியாக, வால்வு இடைவெளியைக் கையேட்டில் உள்ள அளவுக்குச் சரிபார்க்க வேண்டும். அண்மையில் யாராவது பம்பைக் கழற்றி மாட்டியிருந்தால் டைமிங்கையும் பார்க்க வேண்டும். பம்ப் ஒரு பல் மாறி மாட்டப்பட்டிருந்தால், உலகத்திலேயே சிறந்த நாசிலாலும் அந்தப் புகையை நிறுத்த முடியாது.

மூன்றாம் படி: எந்த சிலிண்டர்?

மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் இன்ஜின் நொண்டுகிறது என்றால், இனி எந்த சிலிண்டர் என்று பிரித்தறிய வேண்டும். பின்வரும் முறை இயந்திர வகைப் பம்ப் உள்ள இன்ஜின்களுக்கு மட்டுமே உரியது. காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்வது உயிருக்கே ஆபத்து.

இன்ஜினைச் சூடாக்கி, ஐடிலிங்கில் விட வேண்டும். முதல் சிலிண்டரின் இன்ஜெக்டர் தலையில் உள்ள யூனியன் நட்டின் மேல் ஒரு துணியைச் சுற்றிவிட்டு, ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்தினால் டீசல் நட்டு வழியாகத் துள்ளி வெளியேறும். அந்த சிலிண்டருக்கு எரிபொருள் நின்றுவிடும். அப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். நல்ல சிலிண்டர் என்றால், தளர்த்திய அந்த நொடியே இன்ஜினின் வேகம் தெளிவாக இறங்கி, ஆட்டம் கூடி, பானெட்கூட நடுங்கும். நட்டை இறுக்கியதும் மூச்சு திரும்பியது போலப் பழைய ஓட்டம் வந்துவிடும். தளர்த்தியும் எந்த மாற்றமும் இல்லையென்றால், அந்த சிலிண்டர் முன்பிருந்தே வேலை செய்யவில்லை. இப்படி ஒவ்வொன்றாக எல்லாச் சிலிண்டர்களையும் சோதித்து, வேகம் எவ்வளவு இறங்கியது என்று ஒப்பிட்டு எழுதிக்கொள்ள வேண்டும். தளர்த்தும்போது புகை நின்றுவிடும் சிலிண்டரையும், தட்டும் சத்தம் மறையும் சிலிண்டரையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும்.

தளர்த்தும்போது டீசல் எவ்வளவு வருகிறது என்பதும் ஒரு சாட்சியே. மற்றவற்றில் துள்ளி வரும்போது ஒன்றில் மட்டும் மெல்லக் கசிந்தால், பழுது இன்ஜெக்டரில் இல்லை. பம்பில் அந்த சிலிண்டருக்கு டீசல் தள்ளும் எலிமென்ட்டிலோ, அங்கிருந்து டீசல் குழாய்க்குள் போகும் வாயில் உள்ள டெலிவரி வால்விலோ இருக்கிறது.

தட்டும் சத்தத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நட்டைத் தளர்த்தியதும் சத்தம் நின்றுவிட்டது என்பதற்காக உடனே நாசில் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தேய்ந்த கனெக்டிங் ராட் பேரிங்கின் சத்தமும் அந்த சிலிண்டரின் பளு இறங்கியதும் அடங்கிவிடும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடுத்த படிதான்.

நட்டைத் தளர்த்த விரும்பாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. முழுதாகக் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஓரிரு நிமிடங்களுக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஒவ்வொரு வாயிலையும் அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தால், வேலை செய்யாத சிலிண்டரின் வாய் மற்றவற்றை விடத் தெளிவாகக் குளிர்ந்திருக்கும். வெப்பமானி இல்லாவிட்டால் சொட்டுத் தண்ணீர் போதும். சூடான வாயில் அது உடனே சுர்ரென்று ஆவியாகும், குளிர்ந்த வாயில் அப்படியே நிற்கும். இன்ஜின் நெடுநேரம் ஓடிய பிறகு இதைச் செய்து பயனில்லை, சூடு மேனிஃபோல்ட் முழுதும் பரவிவிடும்.

நான்காம் படி: இடம் மாற்றிப் பார்த்தல்

பணம் செலவாகாத, ஆனால் பலரும் செய்யாத சோதனை இது. சந்தேகத்திற்குரிய இன்ஜெக்டரையும், நன்றாக இயங்கும் சிலிண்டரின் இன்ஜெக்டரையும் ஒன்றுக்கொன்று இடம் மாற்றிப் பொருத்தி, மூன்றாம் படியை மறுபடி செய்ய வேண்டும். கோளாறு இன்ஜெக்டரோடு கூடவே போனால், குற்றவாளி இன்ஜெக்டர்தான். கோளாறு பழைய சிலிண்டரிலேயே தங்கிவிட்டால், கம்ப்ரஷன், வால்வு, பேரிங், உயர் அழுத்தக் குழாய், பம்ப் எலிமென்ட் ஆகியவற்றைத் தேட வேண்டும். குழாயின் முனையையும் அப்போதே பார்த்துவிடலாம்: யூனியன் நட்டைப் பல முறை அளவுக்கு மீறி இறுக்கிய குழாய்களில் முனைத்துளை நசுங்கிச் சுருங்கியிருக்கும், டீசலின் அளவு அதனாலேயே குறையும்.

கழற்றும் முறை

கழற்றுவதற்கு முன் இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் டீசலால் கழுவி, காற்று அடித்துச் சுத்தப்படுத்த வேண்டும். வயலில் ஓடிய வண்டியின் ஹெட்டில் மண் இல்லாமல் இருக்காது. இன்ஜெக்டரை உருவிய மறுகணம் அது சிலிண்டருக்குள் விழும். கழுவும்போதே ஒரு சோதனையும் செய்யலாம்: இன்ஜின் ஓடும்போது இன்ஜெக்டரின் அடியைச் சுற்றிச் சில சொட்டு டீசல் விட்டால், செம்பு வாஷர் வழியாகக் காற்று கசியும் இடத்தில் குமிழி எழும். அந்த இடத்தில் தார் போன்ற கறுப்புப் படிவமும், 'புஸ் புஸ்' என்ற சத்தமும் இருந்தால் கசிவு உறுதி.

இன்ஜினை அணைத்து ஆறவிட்ட பின் ரிட்டர்ன் பைப்பையும் உயர் அழுத்தக் குழாயையும் கழற்றி, திறந்த வாய்கள் அனைத்தையும் சுத்தமான மூடிகளால் மூட வேண்டும். நூல் பிரியும் துணியைத் திணிக்கக் கூடாது. கிளாம்ப் நட்டுகளை இருபுறமும் மாறி மாறிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். இன்ஜெக்டர் ஒட்டிக்கொண்டிருந்தால், துரு இளக்கும் எண்ணெயை விட்டுக் காத்திருந்து, இடவலமாக மெதுவாகத் திருப்பி, நேராக மேல்நோக்கி எடுக்க வேண்டும். கடப்பாரையால் நெம்பினால் நாசில் நுனி உள்ளேயே ஒடிந்து போகும்.

வெளியே வந்ததும் கவனிக்க வேண்டிய முதல் பொருள் செம்பு வாஷர். அது இன்ஜெக்டரோடு வந்திருக்கிறதா, குழிக்குள்ளேயே தங்கிவிட்டதா என்று விளக்கு அடித்துப் பார்க்க வேண்டும். பழைய வாஷர் உள்ளே இருப்பது தெரியாமல் மேலே புதியதைப் போட்டால், நாசில் இருக்க வேண்டிய இடத்தை விட்டு மேலேறி, டீசல் பிஸ்டன் குழிவில் விழாமல் தவறான இடத்தில் விழும். வாஷரே இல்லாமல் போட்டாலோ, சிலிண்டரில் எரிந்த வாயு கசிந்து நாசில் வெந்துபோகும். எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டரில் இருந்தது என்று எண் எழுதி வைக்க வேண்டும், ஏனென்றால் நுனியின் தோற்றம் அந்த சிலிண்டரின் கதையைச் சொல்லும்.

நாசில் நுனியில் உலர்ந்த, மெல்லிய, சீரான சாம்பல் கலந்த கறுப்புப் படிவம் இருந்தால் கவலையில்லை. நுனி டீசலில் நனைந்து மினுமினுத்தால் அது ஒழுகுகிறது. துளைகளைச் சுற்றிக் காளான் போலக் கரி பூத்திருந்தால் ஒழுகலும் மோசமான சிதறலும் சேர்ந்தே இருக்கும். நுனி நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. அப்படிப்பட்ட நாசிலைச் சுத்தம் செய்து மீண்டும் போடுவது வீண். நுனியில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் நாசிலை விட்டுவிட்டு ரிங்கையும் வால்வு கைடையும் பார்க்க வேண்டும்.

ஐந்தாம் படி: டெஸ்டரில் நான்கு சோதனைகள்

கைப்பிடி போட்ட நாசில் டெஸ்டர்தான் இறுதித் தீர்ப்பைச் சொல்லும் கருவி. அதில் டீசலை விட, ஐஎஸ்ஓ 4113 தரத்தில் வரும் சோதனை எண்ணெயைப் பயன்படுத்துவது முறை. நாசிலின் நுனி எப்போதும் பாத்திரத்தின் உட்புறம் நோக்கியே இருக்க வேண்டும். எதிரில் கையோ முகமோ இருக்கக் கூடாது. அருகில் நெருப்போ பீடி சிகரெட்டோ கூடாது, அந்தப் பனிப்புகை சட்டென்று பற்றிக்கொள்ளும்.

முதலில் திறப்பு அழுத்தம். கைப்பிடியை மெதுவாக அழுத்தும்போது அளவியின் முள் ஏறிக்கொண்டே போய், நாசில் திறக்கும் கணத்தில் சட்டென்று துள்ளி இறங்கும். இறங்குவதற்கு முன் அது தொட்ட உச்சமே திறப்பு அழுத்தம். இரண்டு மூன்று முறை பார்த்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். நாளாக நாளாக ஸ்பிரிங் தளர்வதால் அழுத்தம் குறைவது இயல்பு. சில இன்ஜெக்டர்களில் மேலே உள்ள திருகாலும், மற்றவற்றில் ஷிம் எனப்படும் மெல்லிய தகட்டின் தடிமனாலும் இதைச் சரிசெய்யலாம். தோராயமாக 0.1 மி.மீ. ஷிம் கூடினால் 10 பார் கூடும் என்பது பட்டறைக் கணக்கு. சரியான அளவை டெஸ்டர்தான் சொல்லும். ஒரே இன்ஜினில் உள்ள எல்லா இன்ஜெக்டர்களும் ஒன்றுக்கொன்று நெருங்கிய அழுத்தத்தில் இருப்பது மிக முக்கியம். ஒன்று 180 பார், மற்றொன்று 210 பார் என்றால் ஐடிலிங் ஒருநாளும் சீராக இருக்காது.

இரண்டாவது, ஒழுகல். திறப்பு அழுத்தத்திற்கு 10 முதல் 20 பார் குறைவாக அழுத்தத்தைக் கொண்டுவந்து, 10 வினாடி அப்படியே பிடித்திருக்க வேண்டும். நுனியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், அதில் சொட்டு திரண்டு விழக் கூடாது. லேசான ஈரத்தை மன்னிக்கலாம். சொட்டு விழுந்தால் ஊசியின் இருக்கை தேய்ந்துவிட்டது.

மூன்றாவது, சிதறல். அளவியின் வால்வை மூடிவிட்டு (இல்லையென்றால் அளவி கெட்டுவிடும்) கைப்பிடியை வேகமாக அடிக்க வேண்டும். எல்லாத் துளைகளிலிருந்தும் ஒரே அளவில், ஒரே நீளத்தில், பனி போன்ற நுண்மையான சிதறல் வர வேண்டும். நடுவே கம்பி போல ஒரு தாரை நீண்டு போனாலும், ஒரு துளை மௌனமாக இருந்தாலும், ஒரு பக்கம் சாய்ந்து தெறித்தாலும் அந்த நாசில் தேறவில்லை. கம்பித் தாரை பிஸ்டனின் தலையில் ஒரே புள்ளியில் விழுந்துகொண்டே இருந்தால் அந்த இடத்தில் பிஸ்டன் உருகி ஓட்டையாகிவிடும்.

சிதறலோடு சேர்த்துக் கேட்க வேண்டியது நாசிலின் குரல். நல்ல நாசில், கைப்பிடியை அழுத்தும்போது எண்ணெய் போடாத கதவு போலக் 'கிர்ர்' என்று அதிர்ந்து கத்தும். கை உணரும் அந்த அதிர்வு, ஊசி தடங்கலின்றி மேலும் கீழும் ஓடுகிறது என்பதற்கு அடையாளம். பல துளை நாசில்களில் சில மெதுவான அழுத்தத்தில் கத்தாமல் வேகமான அழுத்தத்தில் மட்டும் கத்தும். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. எந்த வேகத்திலும் ஊமையாக இருந்து, 'சொய்ங்' என்று வழிந்தால் ஊசி சிக்கியிருக்கிறது.

நான்காவது, பின்கசிவு. திறப்பு அழுத்தத்திற்குச் சற்றுக் கீழே அழுத்தத்தை நிறுத்தி, அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. நுனியில் ஈரமே இல்லாமல் முள் மளமளவென்று இறங்கினால், ஊசிக்கும் உடலுக்கும் இடையே தேய்மானம் அதிகம். டீசல் சிலிண்டருக்குப் போகாமல் ரிட்டர்ன் பைப் வழியாகத் திரும்பிவிடுகிறது. காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்து, புகையும் பெரிதாக இல்லாத டிராக்டர்களில் இதைப் பார்க்கத் தவறக் கூடாது. சோதிக்கும் முன் டெஸ்டரின் இணைப்புகளே கசியவில்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

சுத்தம் செய்வதா, மாற்றுவதா?

நுனி நீலம் பாயாமல், ஊசியில் கீறலோ துருவோ இல்லாமல், வெறும் கரி அடைப்பு மட்டும் என்றால் சுத்தம் செய்து பார்க்கலாம். பித்தளை பிரஷ், மரக்குச்சி, துளைக்கு ஏற்ற தடிமனுள்ள துப்புரவுக் கம்பி ஆகியவையே கருவிகள். இரும்பு பிரஷும் உப்புத்தாளும் கூடாது. துளையின் விட்டம் பெரும்பாலும் 0.2 முதல் 0.35 மி.மீ. வரைதான், கொஞ்சம் உரசினாலும் அளவு மாறிவிடும். ஊசியையும் உடலையும் ஜோடி மாற்றவே கூடாது, இரண்டும் ஒன்றுக்கொன்று தேய்த்துப் பொருத்தப்பட்டவை. கழுவிய பின் சுத்தமான டீசலில் நனைத்து, நாசில் உடலைச் சாய்த்துப் பிடித்து, ஊசியை மூன்றில் ஒரு பங்கு வெளியே இழுத்துவிட்டால், அது தன் எடையாலேயே மெல்ல வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் மறுபடி கழுவ வேண்டும். அப்போதும் நின்றால் புதிய நாசில்தான். ஊசியின் ஓடும் பகுதியை விரலால் தொடுவதும் நல்லதல்ல, வியர்வையின் உப்பு துருவுக்கு விதை.

டேங்க்கில் ஊற்றும் துப்புரவுத் திரவங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. லேசான படிவத்திற்கு அவை ஓரளவு உதவலாம். தேய்ந்த இருக்கையையும் தளர்ந்த ஸ்பிரிங்கையும் எந்தத் திரவமும் சரிசெய்யாது.

காமன் ரெயில் இன்ஜின்களில்

புதிய உமிழ்வு விதிகளுக்கு ஏற்ப வரும் டிராக்டர்கள் பலவற்றில் காமன் ரெயில் அமைப்பு உள்ளது. அவற்றில் அழுத்தம் 1600 பாருக்கு மேலும் போகும் என்பதால், இன்ஜின் ஓடும்போது எந்தக் குழாயையும் தளர்த்தக் கூடாது. அணைத்த பின்னும் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்தே தொட வேண்டும். சிலிண்டரைப் பிரித்தறியும் வேலையை ஸ்கேனர் செய்கிறது: ஒவ்வொரு இன்ஜெக்டரையும் மின்வழியாக நிறுத்திப் பார்க்கலாம், எந்த சிலிண்டருக்குக் கணினி அதிகத் திருத்தம் கொடுத்து ஈடுகட்டுகிறது என்றும் படிக்கலாம். பின்கசிவைப் பார்க்க, எல்லா இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் வாயிலும் அளவுக் குப்பிகளை மாட்டி, ஒரே நேரத்தில் எவ்வளவு சேருகிறது என்று ஒப்பிடுவார்கள். ஒன்றில் மட்டும் மடமடவென்று நிறைந்தால் அதுவே பழுது. அப்படித் திரும்பி ஓடும் டீசல் அதிகமானால் ரெயிலில் ஸ்டார்ட்டிங் அழுத்தமே உருவாகாது. புதிய இன்ஜெக்டரைப் பொருத்தினால், அதன் மேல் பொறித்திருக்கும் குறியீட்டைக் கணினியில் பதிய வேண்டிய இன்ஜின்கள் பல உண்டு.

மீண்டும் பொருத்தும்போது

குழியில் உள்ள கரியைச் சுரண்டும்போது அது சிலிண்டருக்குள் விழாமல் பார்த்து, சரியான தடிமனில் புதிய செம்பு வாஷர் ஒன்றை மட்டும் போட வேண்டும். கிளாம்ப் நட்டுகளை மாறி மாறி, கையேடு சொல்லும் டார்க்கிற்கு (இறுக்க அளவுக்கு) டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் நாசில் உடல் நெளிந்து, டெஸ்டரில் நன்றாகக் கத்திய ஊசி இன்ஜினில் சிக்கிக்கொள்ளும். பிறகு ஃபில்டர், பம்ப் என்ற வரிசையில் டீசலில் உள்ள காற்றை (ஏர்) வெளியேற்றிவிட்டு, யூனியன் நட்டுகளை ஒரு சுற்று தளர்வாக விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்ற வேண்டும்; நட்டில் குமிழியில்லாமல் டீசல் வந்ததும் இறுக்கலாம். ஆயிலில் டீசல் கலந்திருந்தால் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது.

சில மணி நேரம் பாரத்தோடு ஓட்டிய பின், இன்ஜின் ஆறியதும் கிளாம்ப் நட்டுகளின் இறுக்கத்தை ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அப்படியே சில வாரங்கள் கழித்து அதே சிலிண்டரின் புதிய நாசில் மட்டும் மறுபடி கரி பூத்தால், இன்னொரு நாசில் வாங்குவதற்கு முன் அந்த வரிசையின் டெலிவரி வால்வைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அது தேய்ந்திருந்தால் குழாயின் அழுத்தம் சட்டென்று விழாமல், ஊசி மூடிய பின்னும் கொஞ்சம் டீசல் ஒழுகி, எத்தனை நாசில் மாட்டினாலும் ஒவ்வொன்றையும் அதே விதமாகக் கெடுத்துக்கொண்டே இருக்கும்.